எட்டுக் கட்டி ஈயம்

கயிறு கோபியின் கையில் சரசரவென்று ஓடியது. உள்ளங்கை எரிந்தது.

"மாமா! மெதுவா, மாமா!" என்று கிணற்றுக்குள் பார்த்துக் கத்தினான். கேட்க வேண்டிய மாமா அதற்குள் அடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் குமிழி மட்டும் வந்தது. அப்புறம் தண்ணீர் செம்மண் குழம்பாகக் கலங்கியது. அப்புறம், யாரோ கீழேயிருந்து உதைத்துத் தள்ளியதுபோல செல்வகுமார் இடுப்பளவு மேலே எழும்பி, பொத்தென்று விழுந்து, வாயிலிருந்த குழாயைத் துப்பினார்.

"இன்னாத்துக்கு மாமா அவ்ளோ ஜல்தி?"

"நானாடா போனேன்? இந்தச் சிலிண்டரு இஸ்துக்கினு பூட்ச்சு!"

செல்வகுமாருக்குத் திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. மோட்டார்கள் கிணற்றில் விழுவதும் உண்டு. அதையும் நாமே எடுத்துக் கொடுத்தால் என்ன என்று, புதுச்சேரியில் கடலுக்கடியில் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டும் ஒரு மாஸ்டரிடம் கற்றுக்கொண்டு வந்தவர். முதுகில் சிலிண்டர். அதைத் தாங்க, காற்றடைக்கும் ஒரு சட்டை. சட்டைப் பைகளில் எடைக்கு ஈயக்கட்டிகள். இத்தனை காலமும் அலுமினியச் சிலிண்டர்தான். அதற்கு எட்டுக் கட்டி ஈயம். அந்த எட்டு அவருக்குத் தன் பிறந்த நட்சத்திரம் மாதிரி.

அலுமினியச் சிலிண்டர் இந்தத் தடவை சோதனையில் தேறவில்லை. மாஸ்டர் தன்னுடைய பெரிய இரும்புச் சிலிண்டரை இரவலாகக் கொடுத்தார். "இதுவே கனம்பா, ஈயத்தைக் குறைச்சுக்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். செல்வகுமாரும் "சரி மாஸ்டர்" என்றுதான் சொன்னார். கிணற்றைப் பார்த்ததும் பழகின கை எட்டையும் எடுத்துப் போட்டுவிட்டது.

அந்தச் சிலிண்டர் விழுப்புரத்திலிருந்து கோபியின் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. கோபி செல்வகுமாரின் மனைவிக்குத் தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சிலிண்டர் ஏற்றினாலும் வழிச் சவாரியை விடமாட்டான். பக்கத்தில் ஏறிய ஒரு அம்மாள், "இது கேஸாப்பா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வெறும் காத்து" என்றான். "ஊரு பூரா காத்து சும்மாதானே அடிக்குது, இத எங்கப்பா ஏத்திக்கினு போற?" என்று கேட்டுக்கொண்டே திருவாமாத்தூரில் இறங்கிப்போனாள்.

திருவாமாத்தூர் தாண்டி உள்ளே போனால் தாண்டவராயனின் காடு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம். இரண்டொரு நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் ஓடுதான் மிஞ்சும், உள்ளே பருப்பு இருக்காது. பாய்ச்ச வேண்டிய மோட்டாரோ கயிறு அறுந்து கிணற்றடியில் கிடக்கிறது. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். அது பாசியை மட்டும் வாரிக்கொண்டு வந்தது. இன்ஜின் வைத்துக் கிணற்றை இறைத்துவிடலாம் என்று தாண்டவராயன் சொன்னார். அவருடைய அம்மா கோவிந்தம்மாள் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டாள்.

"இருக்கிற தண்ணிய எறச்சு ஊத்திட்டு அப்பால எதப் பாய்ச்சுவ?" என்றாள். நியாயம்தானே? அதனால்தான் செல்வகுமாரைக் கூப்பிட்டது.

தாண்டவராயன் கிணற்றுப் பக்கம் வரவில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அங்கிருந்தே கத்தினார்.

"மோட்டார் ஆப்டுச்சா?"

"கண்ணே தெரியலங்க. முட்டி வரைக்கும் சேத்துல பூந்துட்டேன். கால்ல என்னமோ தட்டுச்சு."

"மோட்டாரா?"

"மோட்டாரோ கல்லோ, தெரியல. சேறு தெளியட்டும், பாத்துடறேன்."

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாளின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து மோர் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

செல்வகுமார் சட்டையைத் தண்ணீரிலேயே கழற்றிக் கயிற்றில் மாட்டினார். கோபி அதைச் சிலிண்டரோடு மேலே இழுத்தான். அவர் படி வழியாக ஏறி வந்தார்.

"ஏந்தம்பி," என்றாள் கோவிந்தம்மாள், "இந்த ஈயம் எதுக்கு?"

செல்வகுமாருக்கு யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும். ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படிக் கேளு ஆயா. மனுசன் ஒடம்பு இருக்குதே, அது மெதக்கிற சாமான். நீ அமுக்கினாலும் மேல வந்துடும். அத அடியில நிறுத்தணும்னா எடை வேணும். சிலிண்டரு மாறினா எடையும் மாறணும். இது இரும்பு, தானே முழுவும். அதுக்கு மேல எட்டுக் கட்டிய வேற கட்டிக்கினா என்னா ஆவும்? கல்லுதான்."

"எடை கட்டினா மேல வரவே வராதா?"

"எப்படி வரும்? அவுத்து வுட்டாத்தான் வரும்."

"அவுக்காத போனா?"

"அவுக்காத போனா அங்கியே குடும்பம் நடத்த வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். கோபியும் சிரித்தான். கோவிந்தம்மாள் ஈயக்கட்டி ஒன்றைக் கையில் எடுத்தாள். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதுபோல மெதுவாக ஏந்திப் பார்த்தாள்.

"இத்தினியூண்டு இருக்குது" என்றாள்.

செல்வகுமார் நாலு கட்டியை வெளியே எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். சட்டைப் பைகளில் நாலு. "இப்ப பாரு, பூ மாதிரி எறங்குவேன்."

"மொதல்ல போயி கூழ் குடி. வேல செய்ய வந்த புள்ள வெறும் வயித்தோட எறங்கக்கூடாது. மரத்தடியில வச்சிருக்கேன். இத நான் பாத்துக்கிறேன்."

"இதுக்கென்னா காவல் ஆயா?"

"காக்கா தூக்கிக்கினு பூடும்."

இருபது கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகும் காக்காயை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். கேப்பைக் கூழ், பச்சை வெங்காயம், மோர்மிளகாய். கோபி மூன்று சொம்பு குடித்தான்.

திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு செல்வகுமார் இறங்கினார். மிதந்தார்.

சட்டையிலிருந்த காற்றை வெளியேற்றினார். மிதந்தார். மூச்சை முழுக்க விட்டார். தலை மட்டும் கொஞ்சம் நனைந்தது. கால்களை உதறினார், தண்ணீர் தெறித்ததே தவிர ஆள் இறங்கவில்லை.

வரப்பில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, வாத்து முட்ட போடுமா?"

"சிரிக்கிறவங்க ரெண்டு பேரு எறங்கி வந்து என் தோள அமுக்குங்கப்பா!" என்றார் செல்வகுமார்.

சிரிப்பு நின்றது. ஒருவனுக்குச் சளி. ஒருவன் மலைக்கு மாலை போட்டிருந்தான். மூன்றாமவனுக்கு வீட்டில் கூப்பிட்டார்கள். யாரும் கூப்பிட்டது மட்டும் காதில் விழவில்லை. கிணற்றில் குதித்தே வளர்ந்த ஊர் அது. ஆனாலும் ஒருத்தனும் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

செல்வகுமார் மேலே வந்து யோசித்தார்.

"நாலு கொறைச்சது தப்புடா. ஆசப்பட்டு அதிகமா கொறைச்சுட்டேன். ரெண்டு சேத்துக்கணும்."

துண்டிலிருந்து இரண்டை எடுத்து மேல்பைக்குள் திணித்தார். முகக் கண்ணாடியில் சேறு. அதைக் கழுவத் தொட்டிக்குப் போனார். கோபி கூடப்போய்த் தண்ணீர் ஊற்றினான்.

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

மறுபடி இறங்கினார். மறுபடி மிதந்தார். முன்பைவிட நன்றாகவே மிதந்தார்.

"கூழுதான் மாமா" என்றான் கோபி. "வயித்துல காத்து பூந்துக்கிச்சு."

"நீ மூணு சொம்பு குடிச்சியே, நீ ஏண்டா பறக்கல?"

மேலே வந்தவரிடம் கோவிந்தம்மாள் மோர் நீட்டினாள். அவர் குடிக்கும்வரை முகத்தையே பார்த்தாள்.

"என் சின்னவனுக்கும் இப்படித்தான் அகலத் தோளு" என்றாள். "இனியவன்னு பேரு. பெங்களூர்ல கம்பெனில இருக்கான்."

"என்னா கம்பெனி ஆயா?"

"பெரிய கம்பெனி. போன் பண்ணக்கூட நேரம் குடுக்க மாட்டானுங்க, பாவிங்க. தீபாவளிக்குக்கூட லீவு வுடல."

"அம்மா!" என்று மரத்தடியிலிருந்து தாண்டவராயன் குரல் வந்தது. "அவருக்கு வேல கெடக்குது. பேசிக்கினே இருக்காத."

"பேசினா இவனுக்கு இன்னா?" என்று முணுமுணுத்துவிட்டு அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

துண்டில் மிச்சமிருந்த இரண்டு கட்டிகளையும் செல்வகுமார் எடுத்துப் பையில் போட்டார். இப்போது எட்டு. எதற்கும் மாஸ்டரைக் கேட்டுவிடலாம் என்று, சட்டையை மேட்டிலேயே விட்டுவிட்டு கோபியோடு மரத்தடிக்குப் போனார், அங்கேதான் சிக்னல்.

"மாஸ்டர், இரும்புச் சிலிண்டருக்கு எட்டு போட்டா முழுவணுமா, மெதக்கணுமா?"

"முழுவும்யா. எட்டு எதுக்கு உனக்கு? நான்தான் குறைச்சுக்கன்னு சொன்னேனே."

"கொறைச்சேன் மாஸ்டர், மெதக்குது. கூட்டினேன், இன்னும் மெதக்குது."



"செல்வம், ஏதாவது குடிச்சிருக்கியா?"

"கூழ்தான் மாஸ்டர்."

"கூழுக்கு இப்படிப் பேச்சு வராதே" என்று போனை வைத்துவிட்டார்.

எட்டோடு இறங்கினார் செல்வகுமார். காலையில் இதே எட்டு, இதே சிலிண்டர், இதே கிணறு, கல்லாய்ப் போனார். இப்போது பூசணிக்காய் மாதிரி மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தான் கற்ற வித்தையெல்லாம் பொய்யோ என்று அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வாயில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து, உப்பாகிவிட்டதா என்று சுவைத்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். அந்த ஊர்க் கிணறுகளிலேயே தித்திப்பான தண்ணீர்.

தாண்டவராயனுக்குப் பொறுமை போனது. "ஏம்பா, சாயங்காலத்துக்குள்ள ஆவுமா ஆவாதா? ஆவாதுன்னா சொல்லிடு. நான் இன்ஜின இட்டாந்து எறச்சிடறேன்!"

"வேணாண்டா!" என்று கோவிந்தம்மாள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் குருவிகள் எழும்பின. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தப் புள்ளயே எடுத்துடும். கொஞ்சம் பொறு."

இப்போது கோபிக்கு யோசனை உதித்தது. கோபிக்கு யோசனை உதித்தால் செல்வகுமாரின் மனைவி வழக்கமாகச் சாமி விளக்கை ஏற்றிவிடுவாள். அவள் திண்டிவனத்தில் இருந்தாள், தடுக்க ஆளில்லை.

"கலையரசி அக்கா கடையில அஞ்சு கிலோ எடைக்கல் இருக்குது மாமா. மல்லாட்ட எடை போடற இரும்புக் கல்லு. வாங்கியாந்து இடுப்புல கட்டினா?"

"கட்டினா?"

"முழுவாம எங்க போவீங்க?"

கலையரசி கடையில் இல்லை. கோபி கல்லை எடுத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் மாமனாரிடம் கையை ஆட்டிவிட்டு வந்தான். அவருக்கு அரைக்கண், அவரும் கையை ஆட்டினார்.

கல்லைத் தாம்புக்கயிற்றால் செல்வகுமாரின் இடது இடுப்பில் கட்டினார்கள். அவர் இறங்கினார். மூழ்கினார்! கோபி கைதட்டினான். அடுத்த நொடி தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. இடது பக்கம் கல் இழுக்க, முதுகில் சிலிண்டர் புரட்ட, மனிதர் தலைகீழாகி, ஒருபக்கமாகச் சுழன்று, செக்குமாடு மாதிரி கிணற்றைச் சுற்றினார். துடுப்பு மாட்டிய கால்கள் வானத்தைப் பார்த்துத் துழாவின.

பையன்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். கோபி கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். தாம்புக்கயிற்று முடிச்சு அவிழ்ந்தது. எடைக்கல் கிணற்றுக்குப் போனது. செல்வகுமார் மேலே வந்து இருமினார்.

மோட்டாரை எடுக்க வந்தார்கள். இப்போது உள்ளே மோட்டாரும் கிடந்தது, எடைக்கல்லும் கிடந்தது.

கலையரசி வரப்பிலேயே சத்தத்தை ஆரம்பித்துக்கொண்டு வந்தாள்.

"எவன்டா அது? எவன்டா என் கல்ல எடுத்தது? கண்ணு தெரியாத மனுசன் கிட்ட கைய ஆட்டிட்டு எடுத்துக்கினு வருவியா? கொண்டா என் கல்ல!"

"அக்கா, அது கெணத்துல..."

"கெணத்துலயா? கெணத்துல என்னாடா எடை போடற? மீனா?"

"எடுத்துக் குடுத்துடுவாருக்கா. மாமா இப்ப எறங்கப் போறாரு."

"இவரா? காலையிலேர்ந்து மெதக்கிறாராமே, ஊரே சொல்லிச் சிரிக்குது. இவரு எப்ப முழுவறது, நான் எப்ப கல்ல பாக்கறது?"

செல்வகுமாருக்கு அது சுருக்கென்று தைத்தது. சட்டையை இழுத்துக் கீழே போட்டு, பைகளைத் திறந்தார். அதுவரை திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கையால் போட்ட எடையைத் தானே எண்ணிப் பார்ப்பதா?

மேல்பையில் ஒன்றுமில்லை. கீழ்ப்பையில் ஒன்றுமில்லை. கடைசிப் பையில் ஒரே ஒரு கட்டி.

"டேய் கோபி."

"என்னா மாமா?"

"ஏழு கட்டி எங்கடா?"

"என்னக் கேட்டா? நான் என்னா ஈயத்த தின்னுட்டேனா?"

"நீ தானடா இழுத்த. நீ தானடா தூக்கின."

"மாமா, கை பாருங்க, கயிறு அறுத்துக் கெடக்குது. இதுக்கு மேல திருட்டுப் பட்டமா? எங்க அக்காவுக்காக வந்தேன். ஆட்டோவ எடுத்துக்கினு நான் போறேன், உங்க சிலிண்டர நீங்களே தோள்ல வச்சுக்கினு திண்டிவனம் நடங்க!"

"போடா, போ! போறதுக்கு முன்ன ஈயத்த வச்சுட்டுப் போ!"

கோபி உண்மையாகவே கிளம்பிவிட்டான். கண் கலங்கியிருந்தது. கோவிந்தம்மாள் பதறி, "வேணாம் தம்பி, அந்தப் புள்ளய ஏசாத" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

கையை ஊன்றினாள். பாதி எழும்பி மறுபடி உட்கார்ந்தாள். கோபியே திரும்பி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். தூக்கியதும் இடுப்பில் செருகியிருந்த முந்தானை அவிழ்ந்தது. மடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிணற்று மேட்டுக் கல்லின்மேல் விழுந்தன. டக். டக். டக். ஏழும்.

முதலில் சிரித்தவன் கோபிதான். அவன் சிரிப்பைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். செல்வகுமாரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். தன் வித்தை பொய்யில்லை என்ற நிம்மதி அவருக்கு.

"ஆயா! காக்கா நீதானா?"

அவள் குனிந்து, விழுந்த கட்டிகளைத் திரும்பப் பொறுக்கினாள். ஒன்றை எடுப்பாள், மடியில் வைப்பாள், இன்னொன்றுக்குக் கை நீட்டுவாள்.

"ஏன் ஆயா இப்படிப் பண்ண? ஒம் புள்ள பயிருதானே காயுது? மேல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்க, உனக்கு அதுல இன்னா சந்தோசம்? குடு இப்படி. நாலு போதும் எனக்கு. இப்பவே அடிக்குப் போறேன். மூலமுடுக்கு வுடாம தேடி, உள்ள என்னென்னா கெடக்குதோ அத்தனையும் வெளிய கொண்டாந்து போடறேன்."

கோவிந்தம்மாள் மடியை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் தாண்டவராயன் மரத்தடியை விட்டு வந்தார். கிணற்றுக்குள் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்தார். "அம்மா" என்றார். மல்லாட்டைக் காட்டின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பையன்களின் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. போன்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். செல்வகுமார் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அதுவரை இடுப்பில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்த கலையரசி, அவர் அருகே வந்து, காதோடு காதாகச் சொன்னாள்:

"என் கல்லு அங்கியே கெடக்கட்டும் தம்பி, அவங்க சின்னவன் செருப்பு ரெண்டும் இந்தக் கெணத்து மேட்டுலதான் கெடந்துச்சு, ஆளு மேல வரல, ஒடம்பு கெடைக்காத அந்த ஒண்ண வச்சுத்தான் அவன் பெங்களூர்ல இருக்கான்னு அந்தம்மா உசுரோட இருக்குது, நீ அடி வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்து, அதுங்கிட்ட என்னா சொல்லப் போற?"